ஆயுத பூஜையன்று அணைத்த கம்ப்யூட்டர்

தாம்பரத்தில் காலை செங்கல்பட்டு வண்டி ஏறினால், மறைமலை நகரில் இறங்குவதற்குள் யாராவது ஒருவர் என்னிடம் போனை நீட்டிவிடுவார். திரையில் ஏதாவது ஒரு லேப்டாப் இருக்கும். பெண் காலேஜ் சேர்கிறாள், இது தேறுமா என்பார். நான் போனை வாங்கி, மேலும் கீழும் தள்ளிப் பார்த்து, முதலில் உதட்டைப் பிதுக்குவேன். உதட்டைப் பிதுக்கினால்தான் சொல்லப்போகிற விஷயத்துக்கு ஒரு கனம் வரும். பிறகு தீர்ப்பு சொல்வேன். ரேம் போதாது. இந்தக் கீபோர்டு ஒரு வருஷம் தாங்காது. கடைக்காரன் கூடவே தள்ளிவிடுகிற ஆன்டிவைரஸ் தண்டம்.

மொத்தத்தில் என்னிடம் நாலைந்து கருத்துகள்தான் இருந்தன. கம்பெனி கம்ப்யூட்டரைவிட நாமே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்ததுதான் உசத்தி. அப்டேட் கேட்டால் 'பிறகு' என்று அமுக்கு. ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தை நோண்டாதே. இவற்றையே மாற்றி மாற்றிச் சொல்லிப் பல வருஷம் மரியாதையாக ஓட்டிவிட்டேன். நான் படித்தது எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ. சேலையூர் வீட்டில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்து ஓட்டியதைத் தவிர வேறு தகுதி கிடையாது. ஆனால் எதையும் தயங்காமல் சொல்வேன். அதை வைத்தே எங்கள் முதலாளி, பராமரிப்புப் பிரிவில் இருந்த என்னைக் கம்ப்யூட்டர்களுக்கும் பொறுப்பாளன் ஆக்கினார்.

மறைமலை நகரில் ஒரு சின்ன யூனிட் எங்களுடையது. கார்களுக்கான அலுமினிய பாகங்களைக் கடைந்து பெரிய கம்பெனி ஒன்றுக்கு அனுப்புகிறோம். போகிற ஒவ்வொரு பாகமும் அளவில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடி போட்ட ஏசி அறையில் ஒரு மெஷின் இருக்கிறது. அதன் ஊசி முனை பாகத்தின் மேல் வரிசையாகப் புள்ளி புள்ளியாகத் தொடும். எந்த இடத்தில் தொடவேண்டும், எந்த வரிசையில் தொடவேண்டும் என்பதை ஒரு கம்ப்யூட்டர் சொல்லும். ஒவ்வொரு பாகத்துக்கும் தனி புரோகிராம். அந்தப் புரோகிராம் இல்லை என்றால் மெஷின் வெறும் கல்மேடை.

எல்லாப் புரோகிராமையும் எழுதியவர் ஒரே ஆள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்கூட்டியில் வரும் ஒரு பெண். ஆறு வருஷமாக அந்த அறை அவருடையது. ஒப்பந்த வேலைதான். நிரந்தரம் செய்கிறேன் என்று முதலாளி இரண்டு தடவை சொல்லி இரண்டு தடவையும் தள்ளிப்போட்டிருந்தார். அளவு விஷயத்தில் அந்தப் பெண்ணிடம் யார் பாச்சாவும் பலிக்காது. ஒரு தடவை ஒரு லாரி நிறைய சரக்கு கேட்டில் நிற்கிறது, ஒரு துளை மயிரிழை பெரிசாகிவிட்டது. "பாஸ்னு எழுதும்மா, யார் பாக்கப் போறா" என்று உற்பத்தி மேனேஜர் மேஜையைத் தட்டினார். அந்தப் பெண் அளந்த எண்ணை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தில்தான் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ரொம்பப் பழசு. மெஷினோடு வந்த இணைப்புக் கார்டு புதிய கம்ப்யூட்டர் எதிலும் பொருந்தாது என்பதால் அதை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தோம். மாற்றிவிடலாம் சார், மெஷின்காரர்களிடம் கேட்டு புது கார்டு வாங்கலாம் என்று வருஷாவருஷம் எழுதிக் கொடுப்பார். நான் அதன் மேல் 'தற்போது தேவையில்லை' என்று எழுதி அனுப்பிவிடுவேன். அதனால் அவர் தன்னாலானதைச் செய்தார். கம்ப்யூட்டரை ஒருபோதும் அணைக்கவில்லை. கரண்ட் போனால் யூபிஎஸ், அதற்குப் பிறகு ஜெனரேட்டர். இடையில் ஒரு நொடிகூட அது நின்றதில்லை.

ஆயுத பூஜை அன்று எல்லா ஆயுதமும் ஓய்வெடுக்கவேண்டும். எங்கள் யூனிட்டில் அதை ரொம்பக் கறாராகப் பார்ப்பார்கள். மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றி, பூசணிக்காய் உடைத்து, மெயினை இறக்கிவிட்டால் மறுநாள் விஜயதசமி பூஜைக்குத்தான் திரும்பப் போடுவோம். அளவு அறைக்கு மட்டும் தனி லைன். அந்தப் பெண் ஒவ்வொரு வருஷமும் மானிட்டரை மட்டும் அணைத்து, அதற்கு மூன்று பொட்டு வைத்து, கம்ப்யூட்டரை மேஜைக்கு அடியில் ஓடவிட்டுவிடுவார். மானிட்டர் கறுப்பாக இருந்தால் எல்லாம் அணைந்துவிட்டது என்றுதான் பாதிப் பேர் நினைப்பார்கள். எனக்கு அது தெரியும். கண்டுகொள்ளமாட்டேன்.

அந்த வருஷம் முதலாளி ஆரத்தித் தட்டோடு உள்ளே வந்தவர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்துவிட்டார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது மட்டும் ஏன் ஓடுது?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சார், அதை அணைத்தால் ஆபத்து என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முதலாளிக்குப் பின்னால் அவர் குடும்பமும் ஊழியர்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். பொறுப்பாளனான எனக்குத் தெரியாமல் ஒன்று ஓடிக்கொண்டிருந்ததுபோல ஆகிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. நானே முன்னால் போய் மானிட்டரைப் போட்டேன்.

"சார், வேணாம் சார்" என்றார் அவர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"கம்ப்யூட்டரும் ஆயுதந்தானேம்மா" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. சிரித்தார்கள். நான் அதை அணைத்தேன். உள்ளே சுற்றிக்கொண்டிருந்த சத்தம் மெல்லத் தேய்ந்து நின்றபோது அறை ரொம்ப அமைதியாகிவிட்டது. முதலாளி அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, விஜயதசமி. திங்கட்கிழமை பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறார்கள். பாகங்களை அவர்கள் கண் முன்னால் அளந்து காட்டவேண்டும். அந்த ஆடிட் நல்லபடியாக முடிந்தால் அந்தப் பெண்ணுக்கு நிரந்தர லெட்டர் என்று இந்தத் தடவை முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். முடியாவிட்டால் மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, அவ்வளவுதான். விஜயதசமி காலை கற்பூரம் காட்டி நான் பட்டனை அமுக்கினேன்.

ஃபேன் சுற்றியது. உள்ளே எங்கேயோ டிக், டிக் என்று இரண்டு தட்டல். அதன் பிறகு கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி. டிஸ்க் இல்லை என்று அர்த்தம்.

நம் ஊரில் உடம்புக்கு இருப்பதை விடவும் கம்ப்யூட்டருக்குத்தான் வைத்தியம் சொல்ல ஆள் அதிகம். ஐந்து நிமிஷத்தில் அறை நிறைந்துவிட்டது. எலெக்ட்ரீஷியன் ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்க்கச் சொன்னார். தேய்த்தோம். ஸ்டோர்காரர், சந்தனம் தண்ணியாக இருந்தது, உள்ளே இறங்கியிருக்கும் என்றார். முதலாளியின் மைத்துனர், டிஸ்க்கை பாலிதீன் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும், தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். அதையும் செய்தோம். கேன்டீன் ஃப்ரிட்ஜில் தயிர் பாக்கெட்டுகளுக்கு மேலே அது முக்கால் மணி நேரம் இருந்தது. எடுத்துப் போட்டால் அதே டிக், டிக். வேறு நாளாக இருந்தால் இந்த ஆட்களை எல்லாம் நான் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அன்று ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் கலைந்த பிறகு அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் பதற்றம் இருந்தாலும் குரல் நிதானமாக இருந்தது.

"பேக்கப் இருக்குல்ல சார்?"

"இருக்கும்மா. எடுத்து வெச்சிருக்கேன்ல."

அது அப்போது பொய் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் விடாமல் கேட்டதால் ஒருநாள் டீ நேரத்தில் வந்து ஒரு பென் டிரைவில் எடுத்திருந்தேன். என் மேஜை டிராயரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. போய் என் கம்ப்யூட்டரில் செருகித் திறந்தேன். பாகங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி இருந்தது. ஒன்றைத் தட்டினேன். கோப்பு அந்த இடத்தில் இல்லை என்றது. அடுத்தது. அதுவும் இல்லை. நான் எடுத்தது எதுவும் புரோகிராமே அல்ல. திரையில் இருந்த குறுக்குவழிப் படங்களை மொத்தமாக வாரிப் போட்டிருக்கிறேன். வீட்டு விலாசத்தை எழுதி வைத்துக்கொண்டு வீட்டையே எடுத்து வைத்திருப்பதாக நினைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் வாரம் சேர்ந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

அன்றைக்கு அது இரண்டே செகண்டில் முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமா என்று எனக்கே தோன்றியது ஞாபகம் இருக்கிறது. நான் தேர்ந்தெடுத்து வாங்கிய பென் டிரைவ் ஆயிற்றே, வேகமாகத்தான் இருக்கும் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கண்ணாடி வழியே பார்த்தால் அந்தப் பெண் அளவு அறையில் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய், பேக்கப் இருக்கிறது, ஆனால் வெளியில் வேறு சிஸ்டத்தில் போட்டுத்தான் எடுக்கவேண்டும், நேரம் ஆகும் என்றேன். இதுதான் முதல் பொய். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு ரிப்பேர் கடை. எத்தனையோ பேரை நான்தான் அங்கே அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுத்துக் காதோடு வைத்துக் கேட்டார். முகம் மாறியது.

"இன்னா சார், எத்தினி வருசமா ஓடிகினு இருந்துச்சு?"

"ஆறு வருஷம் இருக்கும்."

"நடுவுல நிறுத்தவே இல்லியா?"

"இல்லை."

"வுட்டுருந்தா இன்னும் ஓடிகினு இருந்துருக்கும் சார். நின்னு ஆறிப்போச்சுல்ல, உள்ள ஒட்டிகினு கீது. இத்த எவன் நிறுத்துனது?"

"யாரோ" என்றேன்.

இதைத் திறக்கவேண்டுமானால் தூசி இல்லாத அறை வேண்டும், வெளியூருக்கு அனுப்பவேண்டும், வாரக்கணக்கில் ஆகும், வந்தாலும் வரும் வராமலும் போகும் என்றார். திங்கட்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டதற்கு டிஸ்க்கைக் கைக்குட்டையில் திரும்பச் சுற்றி என்னிடம் நீட்டினார். படியில் இறங்கும்போது போன் அடித்தது. அந்தப் பெண்தான்.

"ஏறிடுச்சா சார்?"

"ஏறிக்கிட்டே இருக்கும்மா."

"பெரிய ஃபைலு சார், நேரமாகும். நான் இங்கதான் இருக்கேன்" என்றார். எனக்குத் தைரியம் சொல்கிற குரலில் சொன்னார். மார்க்கெட் வாசலில் நேற்று உடைத்த பூசணிக்காய்த் துண்டுகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றேன். பேசாமல் உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் வீட்டில் படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அந்த யோசனை வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சனிக்கிழமை காலை அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பென் டிரைவையே அவர் கம்ப்யூட்டர் மேஜை மேல் வைத்து, இதில் ஒன்றும் இல்லை, நான் எடுத்தது வெறும் ஷார்ட்கட் என்று சொன்னேன். கத்துவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மூலையில் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். தடிமனான லாங்சைஸ் நோட்டுகள், ஒன்பது. அட்டை போட்டு, பாகத்தின் எண் எழுதி ஒட்டியிருந்தது. பிரித்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள், எந்தக் கோணத்தில் தொடவேண்டும், அளவு எவ்வளவு வரை கூடலாம் குறையலாம், எல்லாம் நீலப் பேனாவில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது.

"இதெல்லாம் எப்ப எழுதினே?"

"ரெண்டு வருஷமா, லஞ்ச் டைம்ல."

"எதுக்கு?"

"நீங்க பேக்கப் எடுத்தீங்கல்ல, ரெண்டு செகண்ட்ல முடிஞ்சிடுச்சு. என் வேலை மொத்தமும் ரெண்டு செகண்ட்ல போவாதுன்னு தோணுச்சு சார்."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேன். எனக்குத் தெரியும்மான்னீங்க."

எனக்கு அந்தக் காட்சி ஞாபகமே இல்லை. ஆனால் நான் அப்படிச் சொல்லியிருப்பேன் என்பதில் சந்தேகமும் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிற வார்த்தை அது.

அதற்குப் பிறகு பேச நேரம் இல்லை. என் வீட்டுப் பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் அந்தக் கார்டுக்கு ஏற்ற இடம் இருந்தது. ஆட்டோ வைத்து சேலையூரிலிருந்து அதைத் தூக்கி வந்தேன். மெஷினோடு வந்த சிடி நல்லவேளையாக இருந்தது. மத்தியானத்துக்குள் மென்பொருள் ஏறி, மெஷின் கம்ப்யூட்டரை அடையாளம் கண்டுகொண்டது. நான் எண்களைப் படிக்க, அவர் தட்டினார். ஆடிட்டில் கேட்கக்கூடிய பாகங்களை முதலில் எடுத்தோம். நூற்று நாற்பது புள்ளிகள் இருக்கிற ஒரு பாகத்தில் ஓர் இடத்தில் மூன்றை எட்டு என்று படித்துவிட்டேன். தட்டுவதை நிறுத்தி, "அங்க எட்டு வராது சார், மறுபடி பாருங்க" என்றார். தப்பாகப் போட்டிருந்தால் ஊசி முனை போய்ப் பாகத்தில் இடித்து உடைந்திருக்கும். அது உடைந்தால் எல்லாம் முடிந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துத்தான் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலை. ஒவ்வொரு புரோகிராமையும் முதல் தடவை ஓட்டும்போது அவர் நிறுத்தும் பட்டன் மேல் கட்டைவிரலை வைத்தபடி நிற்பார். ஊசி இறங்கும். பாகத்தைத் தொடுவதற்கு ஒரு நூல் இருக்கும்போது இரண்டு பேரும் மூச்சு விடமாட்டோம். தொட்டுப் பீப் என்று சத்தம் வந்தால் அடுத்த புள்ளி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசிப் பாகம் முடிந்தபோது அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் கேன்டீனில் இரண்டு டீ வாங்கி வந்தேன்.

திங்கட்கிழமை ஆடிட்டில் எல்லா அளவும் சரியாக வந்தது. ஒரே ஒரு கேள்விதான். பதிவேட்டில் இருக்கிற கம்ப்யூட்டர் ஒன்று, அறையில் இருப்பது வேறொன்று, ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். பழையது போய்விட்டது, ஆனால் எங்கள் ஆள் எப்போதும் பேக்கப் வைத்திருப்பார், அதைப் போட்டு இரண்டே நாளில் நிமிர்த்திவிட்டார் என்று என் தோளில் கை வைத்தார். வெள்ளிக்கிழமை அவரிடமும் அதே பொய்யைத்தான் சொல்லி வைத்திருந்தேன். திருத்தவில்லை. நோட்டுகளோடு அலமாரி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அந்தப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

ஆடிட்டர் தலையாட்டிவிட்டு, என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று, இனி ஆகாமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று ஒரு வாரத்துக்குள் எழுதிக் கொடுங்கள் என்றார். பொறுப்பாளர் கையெழுத்து, ஆப்பரேட்டர் கையெழுத்து, இரண்டும் வேண்டும்.

எங்கள் ஜிஎஸ்டி ரோடு பக்கத்தில் எது கெட்டாலும் வோல்டேஜ் மேல் பழியைப் போட்டால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். நானும் அதைத்தான் எழுதினேன். விடுமுறைக்குப் பின் கம்ப்யூட்டரைப் போடும்போது மின்னழுத்தம் ஏறி டிஸ்க் சேதமடைந்தது. தயாராக இருந்த பேக்கப்பிலிருந்து எல்லாப் புரோகிராம்களும் மீட்கப்பட்டன. இனி இப்படி நேராமல் இருக்கப் புதிய யூபிஎஸ் பொருத்தப்படும். ஒரு பக்கத்தில் முடிந்தது. உண்மையைவிட நன்றாகவே இருந்தது.

அதை அந்தப் பெண்ணிடம் கொண்டுபோனபோது அவருடைய நிரந்தர லெட்டர் டைப் ஆகி, கையெழுத்துக்காக முதலாளி மேஜையில் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இந்த ரிப்போர்ட் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆடிட் முடிந்ததாகக் கணக்கு. அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பேக்கப் பற்றிய இரண்டாவது வரியில் கண் கொஞ்ச நேரம் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஏசியின் அளவைப் பார்க்கிற மாதிரி நின்றேன். பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது.

பத்து நாளில் புது யூபிஎஸ் வந்தது. எது வாங்கலாம் என்று முதலாளி என்னைத்தான் கேட்டார், நானும் வழக்கம்போல உதட்டைப் பிதுக்கி இரண்டைத் தள்ளி மூன்றாவதைச் சொன்னேன். நடக்காத ஒரு விபத்தைத் தடுக்க ஒரு ஆள் உயரத்துக்குப் பெட்டி வந்து இறங்கியது. பேக்கப்புக்கு என்று யாரும் எதுவும் வாங்கவில்லை. அதுதான் ஏற்கெனவே தயாராக இருக்கிறதே.

அந்தப் பெண்ணுக்கு லெட்டரும் வந்தது. மூன்று நாள் கழித்து ஸ்வீட் பாக்ஸோடு யூனிட் முழுக்கச் சுற்றி வந்தார். கடைசியாக என் மேஜைக்கு வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. நான் ஒரு மைசூர்பாக்கை எடுத்துக்கொண்டு, ரொம்ப சந்தோஷம்மா என்றேன். நிஜமாகவே சந்தோஷம்தான். அவர் நகரவில்லை.

"ஆறு வருஷமா அந்த ரூம்ல எத்தினியோ ரிப்போர்ட் எழுதிட்டேன் சார். தப்புன்னு தெரிஞ்சு நான் கையெழுத்து போட்டது அது ஒண்ணுதான்."

இப்போதே முதலாளியிடம் போய் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அந்த நோட்டுகளைக் காட்டுகிறேன் என்று எழுந்தேன். அந்த நிமிஷம் உண்மையாகவே சொல்லியிருப்பேன். ஆனால் அவர் பாக்ஸை மூடி மேஜை மேல் வைத்தார்.

"நீங்க போய் சொன்னா என் கையெழுத்தும் பொய்னு ஆயிடும். அந்த ரிப்போர்ட்ட வெச்சுதான் லெட்டர் குடுத்திருக்காங்க. சொல்றதுன்னா அன்னிக்கே சொல்லியிருக்கணும் சார். இப்ப உங்களுக்காக சொல்லாதீங்க."

குரலில் கோபம்கூட இல்லை. பாக்ஸை எடுத்துக்கொண்டு செக்யூரிட்டிக்குக் கொடுக்கக் கேட் பக்கம் போனார். என் கையில் மைசூர்பாக்கு அப்படியே இருந்தது. நான் திரும்ப உட்கார்ந்தேன். அவர் இன்னும் அதே அறையில்தான் வேலை பார்க்கிறார், ரிப்போர்ட்டும் ஃபைலில்தான் இருக்கிறது. இதில் நான் யாருடைய பெயரையும் எழுதாததற்கு அதுதான் காரணம்.